பதிலுக்கு அசையாத கை

துப்பாக்கியால் மான் வேட்டையாட அனுமதி தொடங்கும் முதல் நாள் எங்கள் ஊருக்குத் திருவிழா மாதிரி. பள்ளிக்கூடமே மூடிவிடுவார்கள். போன வருஷம் அந்த நாள் மதியம் என் புருஷன் ரெய்னோ, டிரெய்லர் வீட்டுக் கதவைப் பெயர்க்காத குறையாகத் திறந்துகொண்டு வந்தான். முழங்கை வரை ரத்தம், முகமெல்லாம் பல்.

"எட்டுக் கெளை வச்ச கொம்பு! கெளம்பு, இழுக்கணும்."

"சுட்டியா, இல்ல மரத்தடியில தூங்கிக் கனா கண்டியா?"

"வந்து பாத்துட்டுப் பேசு."

என்னைக் குறை சொல்ல முடியாது. ஆறு வருஷமாக அரசுக் காட்டிலிருந்து அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது சளி ஒன்றுதான். என் அண்ணன் தனியார் நிலத்துக்குக் குத்தகை கட்டி, ஹீட்டர் வைத்த கூண்டுக்குள் உட்கார்ந்து வருஷம் தவறாமல் சுடுகிறவன். இவனையும் கூப்பிட்டுப் பார்த்தான்.

"அது வேட்டை இல்ல மச்சான், கறிக்கடை" என்று சொல்லிவிட்டான் என் வீட்டு வீரன். "இங்க எவன் வேணா வரலாம், எதுவும் எவனுக்கும் சொந்தமில்ல. அதுல ஒண்ணு கெடச்சா, அது நம்ம காலு சம்பாதிச்சது."

பிளாஸ்டிக் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். காலையிலிருந்தே பனி விழுந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வந்தான்.

"விடியக்காலம் போறேன், என் மரத்தடியில எவனோ உக்காந்திருக்கான். நான் கை காட்டினேன். பதிலுக்கு ஒரு வெரலைக்கூடத் தூக்கல, திமிரு புடிச்சவன். சரி போடான்னு சதுப்பைச் சுத்தி அந்தப் பக்கம் போனேன். அங்கதான் இது வந்துச்சு. அவன் மட்டும் என் எடத்தைப் புடிக்கலன்னா இது எனக்கு ஏது?"

பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவனுக்கு. எனக்கும்தான். பொய் சொல்வானேன், அந்த மானைப் பார்த்ததும் நானே அவனைக் கட்டிக்கொண்டேன்.

திரும்பும் வழி அந்த மரத்துக்குப் பக்கமாகப் போகிறது. யாரும் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுக் கோட்டில், அந்த ஆள் இன்னும் அங்கேயே, மரத்தில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். ரெய்னோ மறுபடி கையை உயர்த்தினான். பதில் இல்லை.

"பாத்தியா? நான் சொல்லல?"

நான் அவருடைய முழங்காலைப் பார்த்தேன். அதன் மேல் பனி படிந்திருந்தது. துப்பாக்கிக் குழாய் மேலும் பனி. பிளாஸ்க் ஒன்று பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. காபியைக் கொட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஆம்பளையை நான் பார்த்ததில்லை.

"ரெய்னோ, போய் என்னன்னு பாரு."

"சும்மா இரு. ஒருத்தன் வேட்டையைக் கெடுக்கக் கூடாது."

அரசுக் காட்டில் எழுதாத சட்டம் அது. ஆரஞ்சு நிறம் கண்ணில் பட்டால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் ஒதுங்கிப் போக வேண்டும். கிட்டப் போய்ப் பேசுகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்கிறோம்.

"உன் சட்டத்துல தீய வைக்க" என்று கயிற்றைப் போட்டுவிட்டு நான் போனேன்.

அறுபது வயதிருக்கும். முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப் போயிருந்தது. உதடு நீலம். கண் மட்டும் திறந்திருந்தது, அது என்னைப் பார்த்தது.

நான் கத்துவதற்குள் ரெய்னோ ஓடி வந்துவிட்டான். அவர் முகத்தைப் பார்த்தான். திரும்பிப் போய், மானைச் சறுக்குவண்டியிலிருந்து பனியில் உருட்டித் தள்ளினான். எங்கள் கோட்டுகளை அவர் மேல் போட்டு, அவரை வண்டியில் கிடத்திக் கட்டி, இருவரும் சாலை வரை இழுத்தோம். போன் வேலை செய்யும் இடம் அங்கேதான். மானை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். நான் கவனித்தேன்.

அவர் பெயர் லெஸ்டர் என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அவர் மனைவி வெர்னா வந்ததும் ரெய்னோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கடவுளாப் பாத்து உங்கள அனுப்பியிருக்காரு, தம்பி."

அப்போதுதான் டாக்டர் வெளியே வந்தாள். சின்னப் பெண்.

"இவர நல்லா இருக்கும்போது கடைசியாப் பாத்தது யாரு?"

"நான்தான். இருட்டோட காபி போட்டுக் குடுத்து அனுப்பினேன்" என்றாள் வெர்னா.

"அதுக்கப்புறம் யாரும் பாக்கலியா? எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா நல்லது."

நான் தரையைப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

"நான் பாத்தேன்" என்றான் ரெய்னோ. "வெளிச்சம் வர்றப்போ. உக்காந்திருந்தாரு."

"அசைஞ்சாரா?"

"நான் கை காட்டினேன். அவரு காட்டல."

"கிட்டப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

இது பக்கவாதம், மூளையில் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், அந்த நேரம் தாண்டிவிட்டது என்று டாக்டர் மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெர்னா அவன் கைகளை விட்டாள். "உங்க எடத்துல இருந்திருந்தா எங்க லெஸ்டரும் கை காட்டிட்டுத் திரும்பித்தான் போயிருப்பாரு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவள் திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது நரிகள் மானை முடித்திருந்தன. கொம்பையாவது எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றுவிட்டான். லெஸ்டர் பிழைத்தார். ஆனால் வலது கையும் பேச்சும் திரும்பவில்லை.

இந்த வருஷம் ரெய்னோ காட்டுக்கே போகமாட்டான் என்று நினைத்தேன். முதல் ஆளாகக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். சதுப்போரம் ஓர் ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்ததும் கையைத் தூக்காமல், பனி நொறுங்க நேராக அதை நோக்கி நடந்தான்.

"என்னப்பா, நல்லா இருக்கியா?"

"யோவ், அறிவிருக்கா? மான் வர்ற நேரத்துல வந்து நிக்கிற! மொத நாளே என் வேட்டைய நாசம் பண்ணிட்டியே, போய்த் தொலைய்யா!"

இருட்டும்வரை அப்படியே ஒவ்வொருவரிடமும் போனான். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் திட்டினார்கள். அவன் துப்பாக்கி தோளிலிருந்து இறங்கவே இல்லை.

"வெறுங்கையோட போறோமே, மனசுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று திரும்பும்போது கேட்டேன்.

"திட்டுறான்னா நல்லாத்தான் இருக்கான்" என்றான். அதைச் சொல்லும்போது, போன வருஷம் மான் கிடைத்த மதியம் சிரித்த மாதிரியே சிரித்தான்.