சரிகைப் பட்டைக்கு அடியில்

1

இந்தக் கதை ஒரு கிழிசலில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் அருங்காட்சியகத்தில் நாடக ராஜாவின் அங்கி ஒன்றைப் பார்த்தேன். முந்நூறு வருடப் பழசு போலத் தைத்திருந்தார்கள். உண்மையில் என்னைவிட வயது குறைவு. மார்பில், சரிகைப் பட்டையை ஒட்டி, ஒரு கிழிசல். விளக்க அட்டையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிரவே எழுத உட்கார்ந்தேன்.

2

‘மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் வயதான பெண்ணொருத்தி...’

வேண்டாம். மழையை வைத்து எத்தனை நாள் பிழைப்பு நடத்துவது?

அருங்காட்சியகத்தின் பின்னறை. மேஜைமேல் அங்கி. ஒரு பக்கம் துணிகளைப் பராமரிக்கும் இளைஞன், கையுறையோடு. மறுபக்கம் அதைத் தைத்தவள். நாடகக் குழுவின் தையல்காரி. ராஜாவாக நடித்தவன் அவள் கணவன். ராஜாவைக் குத்தும் துரோகியாக நடித்தவன் அவளுடைய சொந்த அண்ணன். விவரம் கேட்க அவளையும் அண்ணனையும் அழைத்திருந்தார்கள். அண்ணன் வெளியே பெஞ்சில் இருக்கிறான்.

3

வித்தை இதுதான். பட்டைக்கு அடியில் ஒரு திறப்பு, அதற்குள் ஒரு மரக்கட்டை. கத்தி திறப்பில் நுழைந்து கட்டையில் குத்தி நிற்கும், கூட்டம் அலறும். ஒருநாள் கத்தி வழுக்கிப் பக்கத்தில் இறங்கியது. கணவன் மேடையிலேயே போய்விட்டான்.

“தொறப்பு மூடியிருந்துச்சு, சத்தியமா!” என்று அண்ணன் கதறினான். அவள் நம்பவில்லை. முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

(போலீஸ் பட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லையா என்பீர்கள். விபத்து என்று எழுதிக் கைகழுவினார்கள். அங்கி பெட்டிக்குள் போனது. பெட்டி இங்கே வந்தது.)

4

கிழிசலைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கணவன் சாவதற்கு முந்தின வாரம் தூக்கக் கலக்கத்தில் ஒரு மூட்டைத் துணி தைத்தாள். அதில் இந்த அங்கியும் இருந்ததா? நினைவில்லை. தானே வைத்த திறப்பைத் தானே தைப்பாளா என்று எனக்கே சந்தேகம் வந்து இரண்டு நாள் எழுதவில்லை. அவளும் அதே சந்தேகத்தில்தான் நிற்கிறாள். பாவம், அவளால் பேனாவை மூடி வைக்க முடியாது.

“பட்டை நைஞ்சுபோச்சும்மா. ஒரு தடவதான் தூக்க முடியும். தூக்கட்டுமா?”

“இருப்பா. உள்ள தையல் இருந்தா?”

“இருந்தா உங்கண்ணன் சொன்னது நெஜம்.”

“அப்ப அவர கொன்னது நான்.”

இளைஞன் ‘அப்படியெல்லாம் இல்லம்மா’ என்று

(அடித்துவிட்டேன். அவனுக்கு என்ன தெரியும்?)

5

முடிவு ஒன்று: திறப்பு திறந்தே இருக்கிறது. அவள் தப்பித்தாள், அண்ணன் கொலைகாரன்.

முடிவு இரண்டு: உள்ளே தையல், அதில் அவளுடைய முடிச்சு. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டையும் எழுதிக் கிழித்தேன். பயமாக இருந்தது.

6

“தம்பி, வெளிய பெஞ்சில ஒருத்தர் உக்காந்திருக்காரே...”

“உங்கண்ணனா?”

“ஆமா, எங்கண்ணன்தான். உள்ள வரச் சொல்லு. அதுக்கப்புறம் தூக்கு.”

இதை நான் திட்டமிடவில்லை. கதவு திறக்கிறது. அவன் வாசலிலேயே நிற்கிறான். அவள் திரும்பிப் பார்க்காமல், மேஜையருகே கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறாள்.

“வாண்ணா.” பக்கத்தில் வந்து நின்றவனின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

அடுத்த வாக்கியத்தை ‘இளைஞன் பட்டையை’ என்பது வரை எழுதியிருக்கிறேன். மீதி உங்கள் கையில். தூக்குவதானால், அவள் பிடித்திருக்கும் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.

இளைஞன் பட்டையை