கபாசோவின் குரல் படிக்கப் போனது

கிட்வே நகரத்துத் தனியார் கல்லூரியில் சர்வதேசச் சட்டம் நடத்தும் கபாசோவின் குரல், அவரை ஊரிலேயே விட்டுவிட்டு முனைவர் படிப்புக்காக ஐரோப்பா போய்விட்டது. மழை தள்ளிப்போய் சோள மாவு விலை ஏறிய வருடம் அது. முனைவர் பட்டம் இல்லாதவருக்குக் கல்லூரியில் வேலை நிரந்தரமில்லை என்பதால் கபாசோ ஏழாவது முறையாக விண்ணப்பித்திருந்தார். முதல் தடவை ஆங்கிலம் தெரியும் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். பல வருடமாக ஆங்கிலத்திலேயே பாடம் நடத்துகிறவர், ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கட்டிப் பரீட்சை எழுதினார். இடம் கிடைப்பதற்குள் அத்தாட்சி காலாவதியானது. அப்புறம் பழைய பேராசிரியரின் பரிந்துரை வேண்டுமென்றார்கள். அவர் செத்துப்போய்விட்டார் என்று எழுதினார். அதை அவரே நேரில் தெரிவிக்கட்டும் என்று பதில் வந்தது.

ஏழாம் தடவை கணினி வழியாக நேர்காணல். அகதியை எல்லையில் திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதியை விளக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பேச்சு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. இங்கே வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரலோ அங்கே மிச்சக் கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடித்திருக்கிறது. உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. தூதரகத்தில் உடம்புக்கு விசா மறுத்தார்கள்; ஊர் திரும்புவார் என்று நம்ப முகாந்திரமில்லையாம். குரல் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்ததால் அதற்கு விசா தேவைப்படவில்லை.

தாமிரச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் அண்ணன் சிசாங்கா வந்து பார்த்தார். “நாங்க தினமும் பூமிக்குள்ள போறோம்டா. ஷிஃப்ட் முடிஞ்சா முழுசா மேல வந்துடுறோம். நீ மேசை முன்னால உக்காந்தே தொண்டையத் தொலைச்சிருக்கியே!”

மனைவி லோம்பேக்கு ஆத்திரம்தான் வந்தது. “வாய்க்கு வந்தபடி கத்துங்க சோலா அப்பா. அவனுங்களத்தான் திட்ட முடியல, என்னையாவது திட்டுங்க.” கபாசோ அடுப்பங்கரைக் கதவை ஓங்கி உதைத்தார். கதவு மட்டும் சத்தம் போட்டது.

பேச முடியாதவரைக் கல்லூரி நிர்வாகம் நூலகத்துக்கு மாற்றியது. நாலு வருடத்தில் குரல் பட்டம் வாங்கியது. உச்சரிப்பும் மாறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, “அவரு உடம்பு எப்பிடி இருக்கு?” என்று மரியாதையாக விசாரிக்கும்.

“எப்ப வர்றதா உத்தேசம்?” என்பாள் லோம்பே.

“இங்கயே வேலைக்கு மனு போட்டிருக்கேன், பார்க்கலாம்.”

கபாசோ போனைப் பிடுங்கி அணைப்பார். அடுத்த ஞாயிறு அது மறுபடி கூப்பிடும்.

பிறகு தலைநகர் லுசாகாவில் சட்ட மாநாடு நடந்தது. சிறப்புரைக்கு டாக்டர் கபாசோவின் குரல் வந்தது. மேடையில் அதற்கு நாற்காலியும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். சிசாங்கா தம்பியைப் பழைய வண்டியில் கூட்டிப்போனார். வாசலில் காவலாளி அழைப்பிதழைக் கேட்டான்.

“அழைப்பு அதுக்குத்தான்பா வந்துச்சு. இவன் அதோட உடம்பு.”

காவலாளி ஆச்சரியப்படவில்லை. “உடம்பெல்லாம் வெளியதான் பாஸ். அங்க நிழல்ல உக்காரச் சொல்லுங்க.”

மாமரத்தடி பெஞ்சில் நல்ல கோட்டு போட்ட நாலைந்து பேர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கபாசோவைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.