வழுக்காத தரை

அந்தக் காகித ஆலையில் அவளைச் சொட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆய்வகத்தில் எந்நேரமும் சொட்டுக் குழாயும் கையுமாக நிற்பதால் அவளுடைய அண்ணனே வைத்த பெயர். அண்ணன் மூன்றாம் எந்திரத்துக்கு ஃபோர்மேன். அன்று அண்ணன் தங்கை இருவர் மானமும் ஒரு கண்ணாடி டம்ளருக்குள் இருந்தது.

டம்ளரில், எந்திரத்தின் கம்பி வலைக்கு அடியில் வடிந்த தண்ணீர். பாலாக வெளுத்திருந்தது. காகிதத்தில் தங்க வேண்டிய சுண்ணத்தூளும் பொடி நாரும் வலை வழியே தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தன. பாலிமர் கரைசலைக் காகிதக் கூழில் சேர்த்தால் அதன் நீண்ட இழைகள் தூளையும் நாரையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் தெளிந்துவிடும் என்று மேனேஜரை மாதக்கணக்கில் நச்சரித்து ஒரே ஒரு ஷிப்ட் வாங்கியிருந்தாள். இரண்டு மணிக்குள் தெளியாவிட்டால் பாலிமர் மூட்டைகள் திரும்பிப் போகும். அதன் பிறகு அங்கே அவள் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

மணி பன்னிரண்டு. அளவை இரண்டு தடவை கூட்டியாயிற்று. தண்ணீர் மசியவில்லை.

அண்ணன் டம்ளரைத் தூக்கி அதன் வழியே அவளைப் பார்த்தான். "உன் மூக்குகூடத் தெரியல சொட்டு. நம்ம வீட்லயே பெரிய மூக்கு."

"கிண்டல் பண்ணாதண்ணா. என் மானமே போகப் போகுது."

"எனக்கு மட்டும் என்னவாம்? உனக்காக விடியறதுக்கு முன்னாடியே வந்து கரைச்சு வச்சேன்" என்று முனகிக்கொண்டே கரைசல் தொட்டிப் பக்கம் போனான். குழாய் மூட்டில் ஒழுகிய கரைசல் தரையில் குளமாகத் தேங்கியிருந்தது. அதற்குள்ளேயே சளக் சளக்கென்று நடந்தான்.

சொட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம் ஆய்வகத்தில் ஒரு கை கரைசல் சிந்தி, கால் வைத்த வேகத்தில் விழுந்து மூன்று நாள் நொண்டியவள் அவள். இந்த அண்ணன் என்னடாவென்றால் கடைத்தெருவில் நடப்பதுபோல் நடக்கிறான்.

"அண்ணா, அங்கேயே நில்லு. உனக்கு ஏன் வழுக்கல?"

"வழுக்கலைன்னா அதுவும் என் தப்பா?"

அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். வெண்டைக்காய் நறுக்கிய விரலாக வழவழக்க வேண்டியது, வெறும் தண்ணீராக இருந்தது.

"எப்படிக் கலக்கினே?"

"கட்டி தட்டக்கூடாதுன்னு நீதானே சொன்னே. கூழ் அடிக்கிற பெரிய மிக்சரைப் போட்டு ரெண்டு மணி நேரம் முழு வேகத்துல விட்டேன். ஒரு கட்டி இல்ல பாரு."

கட்டியும் இல்லை, இழையும் இல்லை. பாசத்தில் அடித்த அடியில் எல்லாம் துண்டு துண்டாகிவிட்டது. கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாலிமர் தோற்கவில்லை. அதை இன்னும் போட்டே பார்க்கவில்லை.

இருவரும் பறந்தார்கள். சின்னத் தொட்டியைக் கழுவி நீர் நிரப்பி, உப்புத் தூவுவதுபோல் அவள் தூளைத் தூவினாள். மிக்சர் மெல்லச் சுற்றியது. அண்ணனின் கை சுவிட்சுப் பக்கம் நகர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமா..."

"கையை எடு."

ஒரு மணி நேரம் இருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்று இருபதுக்குப் பம்பு சுவிட்சைத் தட்டினார்கள். ஒன்றே முக்காலுக்கு டம்ளர் பிடிக்க அண்ணன் ஓடினான். அதே மூட்டில் இப்போது புதுக் கரைசல் ஒழுகியிருந்தது. தடாலென்று உட்கார்ந்தான்.

சொட்டு கைதட்டிக் குதித்தாள். "வழுக்குதுண்ணா, வழுக்குது."

"இடுப்பு போச்சேன்னு கேக்கிறாளா பாரு" என்றவனும் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தான்.

மேனேஜர் சரியாக இரண்டுக்கு வந்தார். டம்ளருக்குப் பின்னால் ஷிப்ட் அறிக்கையைப் பிடித்தார். தண்ணீர் வழியே எழுத்தைப் படிக்க முடிந்தது.

"அப்ப காலைல ஏன் வேலை செய்யல?"

"குழாய்ல கொஞ்சம் கோளாறு சார்" என்று அவள் இழுத்தாள்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு சார்" என்றான் அண்ணன், நனைந்த கால்சட்டையோடு. "நான்தான் அடிச்சுக் கெடுத்துட்டேன். என் தங்கச்சி சொன்னது முதல்லேருந்தே சரி."

இருபது வருஷத்தில் அந்த எந்திரத்தின் முன்னால் அவன் தன் தப்பை ஒத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

"மூட்டைங்க இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார்.

அண்ணன் டம்ளரை மறுபடி தூக்கினான். "இப்ப மூக்கு முழுசாத் தெரியுது."

அவளுக்குத்தான் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது.