பொம்மை வீட்டின் கதவு

மனம் அடிபட்ட குழந்தைகளை ஒரு மையத்தில் சர்க்கார் காசில் விளையாடவைத்தே தேற்றுகிறார்கள் என்றதும், ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் இது என்று தையற்காரிக்குத் தோன்றிவிட்டது. தம்பி மகள் சிட்டுவை அங்கே கூட்டிவரும்போதெல்லாம் பித்தான் தைக்கும் வேலையையும் எடுத்துவந்து சுவரோரம் உட்கார்ந்து காவல் காப்பாள். அங்கே விளையாடவைக்கும் டீச்சர் எதையும் கேட்பதில்லை. குழந்தை எந்தப் பொம்மையைக் கையில் கொடுக்கிறதோ அதை வைத்து அது காட்டியபடி விளையாடுவாள். இப்படி வாயைத் திறக்காமல் இருப்பவள்தான் வீட்டு விஷயத்தையெல்லாம் கறந்துவிடுவாள் என்பது தையற்காரியின் கணக்கு.

அப்பன் அம்மாவை அடித்ததைக் கட்டிலுக்கடியிலிருந்து பார்த்தவள் சிட்டு. அதன்பிறகு அத்தையைத் தவிர யாரிடமும் பேசுவதில்லை. அம்மா உடம்பு தேறாமலே போய்ச்சேர்ந்தாள். சிறைக்குப் போன அப்பன் போன வாரம் ஜாமீனில் வந்து, அக்கா வீட்டு முன்னறையில்தான் படுத்துக்கொள்கிறான். கூடப்பிறந்தவனைத் தெருவில் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. இது இங்கே தெரிந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

இன்று ஓர் அதிகாரி வருகிறார். அடுத்த வருஷமும் இந்த இடத்துக்குப் பணம் ஒதுக்கலாமா என்று பார்க்கத்தான். தையற்காரி அதை நம்பவில்லை. வழியெல்லாம் ஒரே பாடம் நடத்திக்கொண்டு வந்தாள்.

“யாரு கேட்டாலும் என்ன சொல்லணும்?”

சிட்டு சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதிகாரி பிள்ளைகள் நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். கெட்டவராகத் தெரியவில்லை. பொம்மை வீட்டின் முன் இருந்த சிட்டுவிடம், “வீட்ல எல்லாரும் எப்படிம்மா இருக்காங்க?” என்றார்.

டீச்சர் தடுக்க வாயெடுப்பதற்குள், “எல்லாரும் நல்லா இருக்கோம், ஒரு குறையும் இல்ல,” என்றாள் சிட்டு. அத்தையின் அதே இழுவை.

“பேசவே மாட்டான்னீங்க, கிளி மாதிரி பேசுறாளே. இப்படித் தேறினவங்கள எல்லாம் அனுப்பிட்டா பாதிப் பணமே போதுமே டீச்சர்.”

டீச்சர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவள் குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு பொம்மை வீட்டுக் கட்டிலை உள்ளிருந்து கதவோடு நெருக்கினாள். அதன்மேல் அலமாரியைச் சாய்த்தாள். மேசையை டீச்சரிடம் நீட்டினாள். டீச்சர் அதையும் கதவோரமாகவே வைத்தாள்.

தையற்காரியின் கையில் ஊசி நின்றது. காலையில் சிட்டு படுக்கும் உள்ளறைக் கதவை உள்ளிருந்து அடைத்துக்கொண்டு தையல் ஸ்டூல் கிடந்தது. விளையாட்டுத்தனம் என்று பிள்ளையை வைதாள். நேற்றும் வைதாள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“சார், அது நான் சொல்லிக்குடுத்தது,” என்றாள்.

“எதும்மா?”

டீச்சர் இப்போதும் எதையும் கேட்கவில்லை. தையற்காரி வெறுத்த அந்த மௌனம் அவளுக்காகக் காத்திருந்தது. பொம்மை வீட்டருகே வந்து பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். சிட்டு ஒரு குட்டி நாற்காலியை அவளிடம் நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். இவ்வளவு அடைத்தும் கதவில் இன்னும் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது.