மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு அந்த டேப்லெட் வந்து சேர்ந்த அன்றே பிள்ளைகள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பெரிய இடத்திலிருந்து வந்தது. வந்ததும் வராததுமாகத் தனிப்பெட்டி, தனிப்பூட்டு, சுவரில் இருந்த ஒரே மின் இணைப்பு எல்லாவற்றையும் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அதுவரை அந்த இணைப்பில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி ஓய்வு பெற்றது. வேலை என்று பார்த்தால், வாயைத் திறந்து பதில் சொல்வது மட்டும்தான். யார் எதைக் கேட்டாலும் "மிக நல்ல கேள்வி" என்று தொடங்கும். மூக்கை ஏன் நோண்டக் கூடாது என்று கேட்டதற்கும் அப்படித்தான் தொடங்கியது.

செயற்கை நுண்ணறிவால் பாடம் சொல்லித்தரும் அந்தக் கருவியைக் கொடுத்தது ஓர் அறக்கட்டளை. பிள்ளைக்கு ஒன்று என்று திட்டம் போட்டார்கள். நிதி என்று உட்கார்ந்து பார்த்தபோது அது வகுப்புக்கு ஒன்று என்று சுருங்கியது. கருவியோடு சேர்த்து, ஒரு கணக்கு டீச்சரின் சம்பளத்தையும் அதே அறக்கட்டளைதான் கொடுத்தது. பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பதவியைத் தாங்கச் சக்தியில்லை. அவர் போனால் 'அ' பிரிவையும் 'ஆ' பிரிவையும் ஒரே அறையில் அடைக்க வேண்டியதுதான்.

கணக்கு டீச்சருக்கு முதலில் மாப்பிள்ளை மீது ஒரு வருத்தமும் இல்லை. கேட்டால் சலிக்காமல் பதில் சொல்கிறது; அவரால் கடைசிப் பீரியடில் அது முடியாது. வருத்தம் வந்தது ஒரு வீட்டுப்பாடத்தால்.

"நீங்கள் தூங்கும் அறையின் பரப்பளவை அளந்து வாருங்கள்" என்று சொல்லியிருந்தார். மறுநாள் எல்லா நோட்டிலும் ஒரே விடை. பன்னிரண்டு சதுர மீட்டர். ஒரே ராத்திரியில் ஊரில் எல்லாருக்கும் ஒரே அளவில் வீடு கிடைத்துவிட்டது. எந்த அரசாங்கத்தாலும் ஆகாத காரியம். அவர் நேராக 'ரேடியோ'வின் நோட்டை எடுத்தார். வாய் ஓயாத பையன். அப்பாவின் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில், வீட்டில் ஆறு பேரும் தலைமாடு கால்மாடாகப் படுப்பார்கள் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

"டேய், உங்க ரூம் பன்னிரண்டு சதுர மீட்டரா?"

"மாப்பிள்ளை சொல்லுச்சு டீச்சர்."

"அது உங்க வீட்டுக்கு வந்துச்சா?"

"வரலை. பொதுவா ஒரு படுக்கையறை அவ்வளவு இருக்கும்னு சொல்லுச்சு. நாங்களும் பொதுவாத்தானே டீச்சர் தூங்குறோம்."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தனியறையும் ஜன்னலும் எழுதுமேசையும் உள்ள ஏதோ ஒரு வீட்டை அந்தக் கருவி மனத்தில் வைத்திருக்கிறது. பிள்ளைகளோ தங்கள் வீட்டை அளந்து பார்க்காமலேயே அந்த வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள்.

மறுநாள் ஒரு சட்டம் வந்தது. மாப்பிள்ளையிடம் ஒரு பீரியடுக்கு ஒரே ஒரு கேள்வி. அது என்ன கேள்வி என்பதை வகுப்பே பேசி முடிவு செய்ய வேண்டும். ஒருவர் ஒப்பவில்லை என்றாலும் பெட்டி திறக்காது.

அதிலிருந்து கணக்குப் பீரியடில் சந்தை இரைச்சல்தான். இதைக் கேட்கலாம் என்பான் ஒருவன், அதற்கு விடை எனக்கே தெரியும் என்பாள் இன்னொருத்தி, அப்படியென்றால் சொல்லேன் என்பார்கள், சொல்வாள், தப்பு என்பார்கள், கரும்பலகைக்குப் போவாள். 'வக்கீல்' என்று பெயரெடுத்த ஒரு பெண் இருந்தாள். அவள் ஒப்புக்கொள்ளும்படி ஒரு கேள்வி தயாராவதற்குள் பாதி நாள் விடையே வந்து நிற்கும். மாப்பிள்ளை பெட்டிக்குள் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தத் தூக்கம்தான் வினையானது.

தலைமையாசிரியர் தன் அறைக்கு வரச்சொல்லி, "உக்காருங்க டீச்சர், டீ சாப்பிடுறீங்களா?" என்றார். அவர் டீ கேட்டால் விஷயம் நல்லதாக இருக்காது என்பது அங்கே வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

"சொல்லுங்க சார். டீ அப்புறம் குடிக்கிறேன்."

"மெஷினை எத்தனை தடவை உபயோகிக்கிறோம்னு அறக்கட்டளைக்காரங்களுக்கு அங்க இருந்தே தெரிஞ்சுடுதாம். அவங்க மெஷின் கொடுத்த எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் சேர்த்து உங்க வகுப்புதான் கடைசி. நாளைக்கு ஒரு அதிகாரி வர்றாராம். உபயோகமே இல்லைன்னா மெஷினை எடுத்துக்குவாங்க. மெஷின் போனா…" அவர் மேசைக்கண்ணாடிக்குக் கீழே இருந்த பழைய பாட அட்டவணையைப் பார்த்தார். "அதோட சேர்ந்த உங்க போஸ்ட்டும் போகும்."

டீச்சரும் அந்த அட்டவணையைப் பார்த்தார்.

"'அ' பிரிவைப் பாருங்க. எவ்வளவு சமர்த்தா பண்றாங்க. காலையில எல்லாப் பிள்ளையும் வரிசையா வந்து மெஷினுக்கு வணக்கம் சொல்லுது. சாயங்காலம் நன்றி சொல்லுது. ஒவ்வொண்ணும் ஒரு உபயோகம்."

"எனக்கு அந்தப் பிள்ளைங்க ஒரு நாளும் வணக்கம் சொன்னதில்லை சார்."

"எனக்கு மட்டும் சொல்லுதா? நாளைக்கு ஒரு நாள் அந்தச் சட்டத்தை ஒதுக்கி வைங்க. அதிகாரி கண்ணு முன்னால ஆளுக்கு ரெண்டு கேள்வி கேக்கட்டும். உங்களை இழந்துட்டு நான் எங்க போய் ஆள் தேடுவேன்?"

கடைசி வாக்கியத்தை அவர் மனசாரத்தான் சொன்னார். அதுதான் டீச்சரைக் கரைத்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கிரீஸ் லேசில் போகாது.

"கேட்டுட்டுப் போகட்டுமே. ஒரு நாள்தானே?"

"ஒரு நாள்தாங்க. ஆனா அந்தச் சட்டத்தைப் போட்டது நான். நானே போய் எடுக்கணும்."

"எங்க லிஃப்ட்ல ஆறு பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு எழுதியிருக்கு. முதலாளி வந்தா ஏழாவதா ஏத்திக்கிறோம். லிஃப்ட் கோவிச்சுக்குதா?"

"நின்னு போச்சுன்னா?"

"அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றார் அவர், கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தபடி.

டீச்சர் முடிவு செய்துவிட்டார். ஒரு நாள்.

மறுநாள் காலையிலேயே வானம் இருண்டு கிடந்தது. அதிகாரி குடையும் தோல்பையுமாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இளவயசு. புதுச் சட்டை. கால் முட்டி பெஞ்சில் இடித்தது. டீச்சர் பெட்டியைத் திறந்து, டேப்லெட்டை மேசை மேல் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னைக்கு யார் வேணும்னாலும் எத்தனை கேள்வி வேணும்னாலும் கேக்கலாம். வரிசையா வாங்க."

ஒருவரும் எழவில்லை. வக்கீல்தான் கையைத் தூக்கினாள்.

"பேசி முடிக்காம எப்படி டீச்சர் கேக்கிறது?"

"இன்னைக்குப் பேச வேண்டாம்மா."

"ஒருத்தர் ஒப்பலைன்னாலும் பெட்டி திறக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் ஒப்பலை."

"நானும் ஒப்பலை" என்றான் ரேடியோ. வாதாடாமல் அவன் வக்கீலோடு ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

டீச்சருக்குக் காது சூடானது. நிலைப்படியில் நின்றிருந்த தலைமையாசிரியர் கண்ணாலேயே கெஞ்சினார். அந்த நேரத்தில் மழை பிடித்தது. பிடித்த மாத்திரத்தில் கூரைத் தகட்டின் இடுக்கிலிருந்து நீர் ஒழுகி, அதிகாரியின் தோல்பை மேல் சொட்டு சொட்டென்று விழுந்தது. அவர் பையை இழுத்துக்கொண்டார். பழக்கப்பட்ட கைகள் ஓடிப்போய் மூலையில் கிடந்த வாளியை எடுத்து வைத்தன.

"இது எப்பவும் ஒழுகுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"மழை பெஞ்சா மட்டும்தான் சார்" என்றான் ரேடியோ.

"வாளி நிறைஞ்சிடாதா?"

கேட்டிருக்கவே கூடாது. அடுத்த நொடி சந்தை கூடிவிட்டது.

"இதைத்தான் கேக்கணும் இன்னைக்கு. வாளி எப்ப நிறையும்னு."

"போன தடவை நாலாவது பீரியடுக்கு நிறைஞ்சுது."

"போன தடவை மழை பெருசுடி."

"கால்வாசி உசரம் ஏற எவ்வளவு நேரம்னு பாரு, அதை நாலால பெருக்கு. முடிஞ்சுது" என்று ரேடியோ கையைத் தட்டிக்கொண்டான்.

"வாளி என்ன குழாயா?" என்றாள் வக்கீல். "அடியில ஒடுக்கம், மேல அகலம். மேல போகப் போக மெதுவாத்தான் ஏறும்."

"அப்ப உசரத்தை விட்டுடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். அதிகாரி. வாயிலிருந்து வந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. "அதாவது… எவ்வளவு தண்ணி கொள்ளும்னு முதல்ல பார்க்கணும். இல்லையா?"

கழிவறையிலிருந்து அதே அளவில் இன்னொரு வாளி வந்தது. ஒரு தண்ணீர் பாட்டிலால் ஊற்றி ஊற்றிப் பார்த்தார்கள். இருபது பாட்டில் கொண்டது. அடுத்து, ஒழுகுகிற நீரில் ஒரு பாட்டில் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க வேண்டும். உயரமாகத் தூக்கிப் பிடித்தால் தெறிக்காது என்று யாரோ சொல்ல, வகுப்பிலேயே உயரமானவர் யார் என்று பார்த்தார்கள். அதிகாரி எழுந்தார். பாட்டிலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். நீர் முழங்கை வழியாகப் புதுச் சட்டைக்குள் இறங்கியது.

"ஆடாதீங்க சார்" என்று வக்கீல் அதட்டினாள்.

"ஆடலம்மா, குளிருது."

ரேடியோவுக்குப் பொறுமை போய்விட்டது. டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், மாப்பிள்ளைகிட்டயே கேட்டுரலாம் சார்."

"பொறுப்பா" என்றார் அதிகாரி, பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் நிறையலை. அதுக்குள்ள அதுகிட்ட என்னத்தைக் கேப்பே?"

நிலைப்படியில் தலைமையாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். உபயோகத்தை எண்ண வந்த மனுஷனே உபயோகிக்க விடமாட்டேன் என்கிறார்.

பாட்டில் நிறைந்தது. இருபதால் பெருக்கினார்கள். மழை இதே வேகத்தில் பெய்தால், வாளி மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது நிறையும் என்று வந்தது. மழை இதே வேகத்தில் பெய்யாதே என்று பின்வரிசையில் ஒரு பெண் சொன்னாள். அந்த இடத்தில் எல்லாரும் திகைத்து நின்றார்கள், அதிகாரியும்தான். பேசிப் பார்த்து, ஒப்பி, ஒருமனதாக மாப்பிள்ளையிடம் போனார்கள். வேகம் மாறிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

"மிக நல்ல கேள்வி" என்று தொடங்கியது மாப்பிள்ளை. இடையிடையே பலமுறை அளந்து சராசரி எடுக்கச் சொன்னது. அன்றைக்கு அது சொன்னதில் பொய் இல்லை; கேள்வி நல்ல கேள்விதான் என்று டீச்சருக்கும் தோன்றியது.

பீரியட் முடிகிற மணி அடித்தது. அதிகாரி சட்டைக் கையைப் பிழிந்துகொண்டே தாழ்வாரத்துக்கு வந்தார். டீச்சர் பின்னாலேயே போனார்.

"சார், நான் மறைக்க விரும்பலை. இந்த வகுப்புல எப்பவும் இப்படித்தான். ஒரு பீரியடுக்கு ஒண்ணு. இன்னைக்கு உங்களுக்காக மாத்தப் பார்த்தேன். பிள்ளைங்க விடலை."

"நான் அனுப்ப வேண்டியது ஒரு எண்ணு டீச்சர். ஒண்ணுன்னுதான் அனுப்புவேன். கூட்டிப் போட மாட்டேன்."

"கூட்டிப் போடச் சொல்லலை சார்."

அவர் குடையை விரித்தார், பிறகு மடக்கிவிட்டார். நனைய இன்னும் மிச்சம் ஒன்றும் இல்லை. "எங்க தலைவரம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்றேன். இந்தச் சட்டையோடயே போறேன். என்ன முடிவு எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது." இரண்டு படி இறங்கித் திரும்பினார். "சாப்பாட்டு மணிக்கு நிறைஞ்சுதான்னு மட்டும் எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்றீங்களா?"

வாளி சாப்பாட்டு மணிக்கு நிறையவில்லை. மழை நடுவில் விட்டுவிட்டது. அதையும் அவருக்குச் சொன்னார்கள்.

அடுத்த மாதம் அறக்கட்டளையின் முடிவு வந்தது. கணக்கு டீச்சரின் பதவி இன்னும் ஒரு வருஷத்துக்கு உண்டு. பிள்ளைகள் தாங்களே செய்து கற்கிற முறையைப் பாராட்டி, கற்றல் உபகரணங்களும் அனுப்புகிறார்கள். ஒரு வண்டி வந்து நின்றது. அடுக்கு அடுக்காக இறங்கியவை வாளிகள். பிள்ளைக்கு ஒன்று. பக்கவாட்டில் அறக்கட்டளையின் சின்னம் பளபளத்தது. டேப்லெட்டுக்குப் போதாத நிதி வாளிக்குப் போதுமானதாக இருந்தது.

தலைமையாசிரியர் ஒரு வாளியைச் சுண்டிப் பார்த்தார். "நல்ல கனமான பிளாஸ்டிக் டீச்சர். குறை சொல்லக் கூடாது."

அன்று கணக்குப் பீரியடில் வக்கீல் எழுந்தாள். "இன்னைக்குக் கேள்வி. இந்த வாளிக்கெல்லாம் ஆன செலவுல நம்ம கூரை ஓட்டையை அடைச்சிருக்க முடியுமா, முடியாதா?"

டீச்சர் காத்திருந்தார். ஒருவரும் மறுக்கவில்லை. ரேடியோ கூட வாயை மூடிக்கொண்டிருந்தான். அந்தச் சட்டம் வந்ததிலிருந்து சண்டையில்லாமல் ஒரு கேள்வி முடிவானது அதுதான் முதல் தடவை.

தலைமையாசிரியர் நிலைப்படியிலிருந்து ஒரே எட்டில் உள்ளே வந்து, டீச்சரின் காதோரம் குனிந்தார். "டீச்சர், அதுகிட்ட கேக்கிறதெல்லாம் நேரா அவங்களுக்குப் போகும். நம்ம போஸ்ட்டு…"

"ஒரு வருஷம் இருக்கு சார்" என்றார் டீச்சர். சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, மாப்பிள்ளையை வக்கீல் கையில் கொடுத்தார். "கேளும்மா. சத்தமா, தெளிவா கேளு."