மணல் மூட்டைகள் எழுந்து நிற்பதில்லை

நீச்சல் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டுமே நீர்ச் சோதனையின்போது வண்டிக்குள் அமரலாம் என்று தாள் ஒட்டியிருந்தார்கள். எழிலரசி அதைப் படித்த கையோடு, ஒட்டச் சொன்னவரின் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், இந்த நோட்டீஸ் யாருக்கு?"

சோதனைப் பிரிவின் தலைவர் தட்சிணாமூர்த்தி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொதுவாத்தான்மா. சேஃப்டி."

"நம்ம டீம்ல நீச்சல் தெரிஞ்சது விஷ்ணுவுக்கு மட்டுந்தான். அப்போ இது பொதுவா இல்ல சார். விஷ்ணுவுக்கு."

"எதையுமே சிரிச்சுக்கிட்டுச் சொல்ல வராதா உனக்கு?"

வராது. அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள்தான். சிரித்துக்கொண்டே காரியம் சாதிப்பது எப்படி என்று சொல்லித்தர அங்கே ஆள் இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தக் கம்பெனி எட்டுச் சக்கரக் கவச வண்டி செய்தது. தரையில் லாரி மாதிரி ஓடும். ஆறு குறுக்கிட்டால் அப்படியே இறங்கி மிதந்து அக்கரை ஏறும். அத்தனை டன் இரும்பு எவ்வளவு ஆழம் அமிழும், எவ்வளவு சாய்ந்தால் தானாக நிமிரும், எதற்கு மேல் சாய்ந்தால் நிமிராது என்ற கணக்கு முழுவதும் எழிலரசியுடையது. இப்போது முதல்முறையாக வெளிநாடு ஒன்று வாங்க வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவர்களுடைய மேஜர் முன்னால் வண்டி தண்ணீரில் இறங்கும். உள்ளே உட்கார்ந்து வந்து அவருக்கு விளக்கிச் சொல்பவர், வண்டிகளோடு அந்த நாட்டுக்குப் போய் ஒரு வருஷம் இருக்கலாம். எழிலரசிக்கு அந்த ஒரு வருஷம் வேண்டும். வேண்டும் என்று வெளியில் சொல்லவும் அவள் கூச்சப்படவில்லை.

விஷ்ணு நல்லவன்தான். எரிச்சலே அதுதான். அவன் அப்பா ஆவடி ஃபேக்டரியில் ஆபீசர். ஆபீசர்ஸ் கிளப் நீச்சல் குளத்தில் ஆறு வயதில் நீந்தப் பழகினான். எழிலரசியின் அப்பா பால்ராஜ் அதே ஃபேக்டரியில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு அந்தக் குளம் காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும் சத்தம் மட்டுமே.

"ஞாயித்துக்கிழமை வா எழில், நானே சொல்லித்தர்றேன்" என்றான் விஷ்ணு.

"வெள்ளிக்கிழமை டெமோ. ஞாயித்துக்கிழமை நீச்சலா? நல்லா இருக்குடா உன் தாராளம்."

சோதனைக் குளம் நெமிலிச்சேரி தாண்டி, கம்பெனியின் காலி மனையில் வெட்டியது. வெள்ளிக்கிழமை அங்கே வடையும் டீயுமாக வரவேற்பு நடந்தபோது, எழிலரசி தன் ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு மேஜரிடம் நேராகவே கேட்டாள். உங்கள் படையில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

அவர் சிரித்தார். தங்கள் ஊர் பாதி மணல். மழைக்காலத்தில் மட்டும் ஆறு ஊரை விழுங்கும். நீந்தத் தெரிந்தவன் கிடைத்தால் அவனை வேடிக்கை பார்ப்போம் என்றார்.

"அப்போ நீச்சல் தெரியாத ஒருத்தர் உள்ளே உட்கார்ந்துதானே காட்டணும்? நான் உட்கார்றேன். எனக்குச் சுத்தமா தெரியாது."

தட்சிணாமூர்த்தியின் கையில் வடை அப்படியே நின்றது. மேஜருக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. மிதவை அங்கி இருக்கிறது, கரையில் முக்குளிப்பவர்கள் இருக்கிறார்கள், பிறகென்ன என்றார். வாங்குகிறவன் கேட்டால் நோட்டீஸ் எல்லாம் வெறும் காகிதம்தான்.

வண்டிக்குள் ஆட்கள் உட்காரும் பகுதியில் பத்து இருக்கைகள். ஒன்றில் எழிலரசி. மற்ற ஒன்பதில், ஆளுக்குப் பதிலாக, எடை பார்த்துக் கட்டிய மணல் மூட்டைகள். எப்போதும் அப்படித்தான் சோதனை செய்வார்கள். மூட்டைகளுக்கும் பெல்ட் போட்டிருந்தார்கள். அவளும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். முன்னால் ஓட்டுநர் முனியன்.

"போலாமா மேடம்?"

"போலாம்ணே."

முன்பக்கம் சரிந்தது. கண்ணாடித் துளை வழியே தெரிந்த வானம் போய்ப் பச்சைத் தண்ணீர் வந்தது. சக்கரங்கள் தரையை விட்ட அந்த நொடியில், இருபுறமும் இரும்பில் தண்ணீர் அறைகிற சத்தம் மார்புக்குள்ளேயே கேட்டது. தலைக்கு மேலிருந்து ஒரு சொட்டு. பிறகு ஒரு கோடாகத் தண்ணீர் கழுத்துக்குள் இறங்கியது.

அதற்கப்புறம் நடந்தது அவளுக்கு ஞாபகமில்லை. முனியனின் குரல்தான் அவளைத் திரும்பக் கூட்டிவந்தது.

"இன்னா மேடம், எங்க கெளம்பிட்ட? ஒக்காரு, ஒக்காரு. மேல் மூடி கொஞ்சம் ஒழுவும். பம்ப் இஸ்துகினு போய்டும். ஒண்ணியும் ஆவாது."

பெல்ட் கழன்று கிடந்தது. அவள் வலப்பக்க இருக்கைமேல் ஏறி நின்று, இரண்டு கைகளாலும் கூரை மூடியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மூட்டைகள் போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தன.

வண்டி ஒரு சுற்று சுற்றிக் கரையேறியது. கைதட்டினார்கள். இறங்குமுன் முனியன் திரும்பிப் பார்த்து, "நான் ஒண்ணும் பாக்கல" என்று கண்ணடித்தான்.

அன்று மாலையே தட்சிணாமூர்த்தி கூப்பிட்டார். "மேஜர் உன்னைத்தான் கேட்கிறார். 'அந்தத் துணிச்சல்காரப் பொண்ணை அனுப்புங்க'ங்கிறார். பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்கு சார்."

கேட்டது கிடைத்துவிட்டது. ஆவடிக்கு ரயிலில் திரும்பும்போது சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தாள். இருக்க வேண்டிய இடத்தில் அந்த மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. இந்த வண்டியிலிருந்து யாரை யார் சுடுவார்கள் என்று அம்மா கேட்கும்போதெல்லாம், அது என் கணக்கில் இல்லை, உள்ளே இருக்கிறவன் முழுகாமல் இருப்பதுதான் என் கணக்கு என்று வாயை அடைத்தவள் அவள். அந்தக் கணக்கிலாவது யோக்கியமாக இருந்தாளா? பத்து பேர் பத்து இருக்கையில் அசையாமல் இருப்பார்கள் என்று எழுதியிருந்தாள். மேலே இரண்டு மூடி இருந்தால் பாதிப் பாதியாகப் பிரிவார்கள். வாங்குபவர்கள் ரேடியோப் பெட்டி வைக்க இடம் கேட்டதால் இடது மூடியை அடைத்தாகிவிட்டது. பின்கதவு தண்ணீருக்குள். வெளியேற மிஞ்சும் ஒரே வழி வலப்பக்க மூடி. பயந்த பத்து பேரும் அங்கேதான் ஓடுவார்கள். வண்டி வலப்பக்கம் சாயும். சாய்கிற நேரம் பார்த்து ஒருத்தன் அந்த மூடியைத் திறப்பான்.

திங்கட்கிழமை, ஒப்பந்தக் கூட்டத்தில், மேஜர் எதிரிலேயே அதைச் சொன்னாள்.

தட்சிணாமூர்த்தி தமிழுக்கு மாறினார். "பெல்ட் போட்டு உட்காரச் சொல்லித்தான் டிரெய்னிங் கொடுக்கப்போறோம். யார்மா எழுந்திருக்கப் போறா?"

"நான் எழுந்தேன் சார்."

"என்னது?"

"பெல்ட் போட்டிருந்தேன். கணக்கு போட்டவளே நான்தான். முழுகாதுன்னு என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் கிடையாது. கழுத்துல கொஞ்சம் தண்ணி பட்டதும் எழுந்து மூடியைத் திறக்கப் போயிட்டேன். முனியண்ணன் அதட்டலன்னா திறந்திருப்பேன்."

விஷ்ணு மெதுவாகச் சொன்னான்: "இதுக்குத்தான் எழில் அந்த ரூலே."

அவன் சொன்னதில் குத்தல் இல்லை. அதனாலேயே அவளுக்குச் சுள்ளென்றது.

"கரெக்ட். என்னை உள்ள விடாம இருக்க ரூல் போட்டீங்க. அந்த ஊர்ப் பையன்களுக்கு என்ன போடப்போறீங்க? விலைப்பட்டியல்ல நீச்சல் குளமும் சேர்த்து அனுப்பறோமா?"

"ஒரு பொண்ணு பயந்ததை வெச்சு டிசைனை மாத்த முடியாது" என்றார் தட்சிணாமூர்த்தி.

"அப்போ பத்து பேரை உட்கார வைங்க. மூட்டை வேணாம்."

மேஜர் இதையெல்லாம் மொழிபெயர்க்கச் சொன்னார். எழிலரசியே சொன்னாள், எழுந்து நின்றதை விடாமல். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. பத்து பேரை உட்கார வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அசெம்பிளி ஷெட்டில் போய், நீச்சல் தெரியாதவர்கள் கை தூக்குங்கள் என்றதும் ஷெட்டே கை தூக்கியது. வயரிங் பிரிவின் அகல்யா இரண்டு கையையும் தூக்கினாள். எல்லோருக்கும் மிதவை அங்கி. வண்டி எந்தப் பக்கமும் கவிழாதபடி கிரேன் பட்டை. குளத்தைச் சுற்றி முக்குளிப்பவர்கள். தண்ணீரில் இறங்கினால் உள்ளே நனையும், பயமாகவும் இருக்கும், விருப்பமில்லாதவர்கள் வர வேண்டாம் என்று எழிலரசி சொன்னாள். யாரும் பின்வாங்கவில்லை. அவள் கரையில், சாய்வு காட்டும் கருவியோடு நின்றாள்.

நடுக்குளத்துக்குப் போகும்வரை முள் ஆடாமல் இருந்தது. மூடி ஒழுகத் தொடங்கியிருக்க வேண்டும். முள் வலப்பக்கம் நகர்ந்தது, நின்றது, பிறகு ஒரே இழுப்பாகச் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. கிரேன் பட்டை விறைத்துக்கொண்டு கிறீச்சிட்டது. யாரும் கைதட்டவில்லை.

அடைத்த மூடியைத் திறந்து, ரேடியோப் பெட்டியை வேறிடத்துக்கு மாற்றி, மறுபடி சோதனை செய்து கொடுக்கும்வரை ஒப்பந்தம் தள்ளிப்போனது. மேஜர் அவளோடு கைகுலுக்கிவிட்டு விமானம் ஏறினார். வெளிநாட்டுக்கு விஷ்ணுவின் பெயர் போயிற்று. அங்கே சமயோசிதம் தெரிந்த ஆள் தேவை என்றார் தட்சிணாமூர்த்தி. எழிலரசி கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அந்தக் கதவை நாலு உதை உதைத்தாள். சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான்.

ஆனால் அது பிறகு. சோதனையன்று வண்டி கரையேறிப் பின்கதவு திறந்தபோது, பத்து பேரும் நனைந்த கோழிகளாக இறங்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நான் எயிந்திரிக்கவே இல்லப்பா, இவன்தான் என் மேல ஏறினான்."

"யாரு, நானா? நீ மூடியப் புட்ச்சிகினு தொங்கின, நான் உன்ன புட்ச்சி இஸ்தேன்."

"அகல்யாதான் மொதல்ல."

"யோவ், பொய் சொல்லாத. நீ கத்தின கத்துல காது அடைச்சுப் போச்சு!"

கருவியில் எல்லாம் பதிவாகியிருந்தது. யார் முதலில் என்பது மட்டும் அதில் இல்லை. எழிலரசி துண்டுகளை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனாள்.

"சண்டை போடாதீங்க. மொதல்ல எழுந்தது நான்."