வேப்பிலை கட்டிய கதவுகள்

1.

"வேப்பிலை கட்டுன கதவையும் தட்டச் சொல்லுங்க, ஸ்வாமி."

இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கதை எனக்கு வந்தது. கேட்டவள் மாதேவி. கொள்ளேகாலத்துக்காரி, குடும்பத்தில் பி.ஏ. வரை வந்த முதல் ஆள். கேட்ட இடம் மைசூரில் ஓர் ஆபீஸ். வருஷம் 1918, ஊரெங்கும் விஷக் காய்ச்சல். (அப்போது பெண் குமாஸ்தா உண்டா என்று கேட்காதீர்கள். என் கதையில் உண்டு.)

ஆபீஸில் நமக்கென்று எதையும் கேட்டுவிடாதே என்று சொல்லி அனுப்பியவள், மைசூர் மார்க்கெட்டில் பொரிக்கடை போட்டு அவளைப் படிக்க வைத்த அத்தை சித்தம்மா. இப்போது சித்தம்மாவின் கதவிலும் வேப்பிலை. நேற்று அந்தக் கதவுவரை போன மாதேவிக்கே தட்டக் கை நீளவில்லை.

2.

மார்க்கெட் அந்த மழைக்கால மாலையில்

[வேண்டாம். அவள் கோபமாக நிற்கிறாள், நான் மழையைப் பாடிக்கொண்டிருக்கிறேன்.]

விஷயம் இதுதான். காய்ச்சலில் வியாபாரம் படுத்துவிட்டதா என்று கடைக்காரர்களை வீடு வீடாக விசாரிக்கச் சொல்லி உத்தரவு. படுத்திருந்தால் கடைவரி தள்ளுபடி. இல்லையென்றால் வரி கட்டாத கடை ஏலத்துக்குப் போகும். விசாரிக்கப் போன சேவகன் ஜடையன், வேப்பிலை தொங்கிய வாசலையெல்லாம் கும்பிட்டுத் தாண்டிவிட்டான். அம்மன் இறங்கிய வீட்டை யார் தட்டுவார்? பதில் சொன்னவர்கள் விறகுக்காரர், கற்பூரக்காரர், கோடித்துணி விற்பவர். வியாபாரம் அமோகம் என்றார்கள்.

"அப்போ அமோகம்தானே?" என்றார் மேலதிகாரி நரசிம்மமூர்த்தி. "பதில் சொல்லாதவாளும் இவாளாட்டமே இருப்பான்னு எடுத்துக்கறதுதான்."

"கோடித்துணி விக்கறவனும் அதைப் போத்திக்கிட்டுப் போறவனும் ஒண்ணுங்களா?"

"வாய் ஜாஸ்தி உனக்கு. யாராவது சொந்தக்காராளா?"

"எங்கத்தை."

"அதானே பார்த்தேன். சிபாரிசு!"

"சிபாரிசு இல்லீங்க. விட்டுப்போன ஆளுங்க."

ஜடையன் முணுமுணுத்தான்: "அம்மன் கோவிச்சுக்கிட்டா பி.ஏ. வந்து காப்பாத்துமா?"

3.

ஒரு முடிவு: நரசிம்மமூர்த்தி மனம் மாறி, [எனக்கே நம்பிக்கையில்லை.]

இன்னொன்று: சித்தம்மா கதவைத் திறந்து, "வந்துட்டியா கண்ணு" [ஆசையாகத்தான் இருக்கிறது. அதனாலேயே அடித்துவிட்டேன்.]

யோசித்தால் நானும் ஜடையன் செய்ததையே செய்கிறேன். இந்தக் கதையில் பேசுகிறவர்கள் எல்லோரும் நடமாடுகிறவர்கள். கதவுக்குப் பின்னால் கிடக்கிறவளிடமிருந்து ஒரு சொல் வாங்கினேனா?

4.

'வியாபாரம் செழிப்பாக உள்ளது.' அறிக்கையின் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொல்லி நரசிம்மமூர்த்தி பேனாவை நீட்டினார். மாதேவி வாங்கவில்லை.

"எங்கே கிளம்பிட்டே?"

"தட்டறதுக்குங்க."

"போனா இந்த நாற்காலி கிடையாது."

"தெரியுமுங்க. பெட்டியக் காலையிலயே கட்டி வச்சுட்டுத்தான் வந்தேன்."

(சித்தம்மா வீட்டுக்கு நான் போகப்போவதில்லை. உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி எழுதினால் நானும் நரசிம்மமூர்த்திதான். யாராவது திறந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். திறக்காவிட்டாலும் எழுதுங்கள்.)

வாசலில் ஜடையன் ஒதுங்கினான். "வேப்பிலைய மட்டும் தொட்டுறாதீங்கக்கா."

"கதவத்தானே தட்டப்போறேன்" என்று படியிறங்கினாள்.